வயலில் என்ன பேசினார்கள்

அந்த மாதம் முழுக்க மழை. லாண்ட்ரிக்காரருக்கு மழை என்றாலே வேலை இரட்டிப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் ஆபரேஷன் அறையின் பச்சைத் துணிகளும் துவைத்துப் பிழிந்த பிறகும் ஈரம் விடாமல் கனத்துக் கிடந்தன. மொட்டை மாடிக் கொடிகளை நம்பிப் பயனில்லை. கீழே பாய்லர் அறையை ஒட்டிய கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி உலர்த்தினார்கள். நடக்கிறவர் முகத்தில் எந்நேரமும் ஒரு ஈர விரிப்பு வந்து அறையும். யாராவது குனிந்து போனால் யார் என்று காலைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மருமகள் இஸ்திரி மேஜையை விட்டு அசையவில்லை. மழை நாளில் பாதித் துணி இஸ்திரிச் சூட்டில்தான் காயும். ஆவி முகத்தில் அடித்து அடித்து அவள் நெற்றி மயிர் ஒட்டியே கிடந்தது. லாண்ட்ரிக்காரரின் மனைவி தரையில் உட்கார்ந்து கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பக்க மேஜையில் போன் அடித்தது. லாண்ட்ரிக்காரர் எடுத்துக் காதில் வைத்தார். கேட்டதும் மனைவியிடம் நீட்டினார்.

"உனக்குத்தான்."

கணவர் சொன்ன குரலிலேயே யார் என்று மனைவிக்குத் தெரிந்துவிட்டது.

"அம்மா, அடுத்த மாசம் விட்டுடுவாங்களாம். ஒழுங்கா இருந்தேன்னு கொஞ்சம் கழிச்சிருக்காங்க."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். அம்மா, நான் எங்க போறது?"

மேஜை மேல் இஸ்திரிப்பெட்டி போய் வரும் சத்தம் நின்றிருந்தது. "யோசிச்சு வைக்கிறேன்யா," என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார். அப்புறம்தான் சத்தம் மறுபடி தொடங்கியது.

ஜெயிலிலிருந்து போன் செய்தவன் அந்த வீட்டின் பெரியவன். சின்னவனை அடித்துக் கொன்றவன். மருமகள், சின்னவனின் மனைவி.

ஆறு வருஷம் ஆகிறது. பெரியவன் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து பாய்லரோடுதான் இருந்தான். தீ போடுவது, தண்ணீர் மட்டம் பார்ப்பது, கசியும் குழாய்க்குச் சாக்கு சுற்றுவது எல்லாம் அவன். வாய் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது. சின்னவன் முன்பக்கம் நிற்பான். வருகிறவர்களை அண்ணே, அக்கா என்று பேசிச் சிரிக்கவைத்தே அனுப்புவான். ஆஸ்பத்திரி வேலையைப் பிடித்துக்கொண்டு வந்தவனும் அவன்தான். "சின்னவன் இல்லன்னா இந்தக் கடைக்கு ஈ காக்கா வராது," என்று லாண்ட்ரிக்காரர் யாரிடமும் சொல்வார், பெரியவன் பக்கத்தில் நிற்கும்போதும். அதில் அவருக்கு ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. பெருமையாக இருந்தது, சொன்னார்.

ஒரு நாள் மத்தியானம் பாய்லர் அறையில் அண்ணனும் தம்பியும் மட்டும் இருந்தார்கள். பாய்லர் கதவைத் திறக்க ஒரு இரும்புக் கொக்கி உண்டு. அதால் ஒரே அடி. லாண்ட்ரிக்காரர் ஓடி வந்து பார்த்தபோது சின்னவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உயிர் இல்லை. கொக்கியை மடியில் வைத்துக்கொண்டு பெரியவன் எதிரே உட்கார்ந்திருந்தான். சின்னவனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை. கோர்ட்டில் பெரியவன் சொன்னது ஒரே வார்த்தை: "நான்தான் அடிச்சேன்." திட்டம் போட்டுச் செய்யவில்லை, ஆத்திரத்தில் செய்தது என்று தண்டனை கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பெரியவன் பேரை யாரும் சொன்னதில்லை. தகப்பனார் "அவன்" என்பார், கோபம் வந்தால் "உன் மகன்" என்பார். தாயார் மட்டும் அவ்வப்போது ரொட்டியும் சோப்பும் எடுத்துக்கொண்டு ஜெயிலுக்குப் போய் வருவார். வந்து "போயிட்டு வந்தேன்" என்பார். எப்படி இருக்கிறான் என்று யாரும் கேட்கமாட்டார்கள். மருமகளை அவள் அண்ணன் பலமுறை வந்து கூப்பிட்டான். "அங்க வந்தா நான் விருந்தாளி. இங்க எனக்கு வேலை இருக்கு," என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

போன் வந்த அன்று சாப்பிடும்போது லாண்ட்ரிக்காரர் சொன்னார்: "இங்க வரக்கூடாது. அவ்வளவுதான்."

 மருமகள் தட்டைப் பார்த்துக்கொண்டே ரொட்டியைக் கிள்ளிக் கொண்டிருந்தாள், சாப்பிடவில்லை.

சர்ச்சுக் கூடத்தில் வியாழக்கிழமை சாயங்காலம் வேதபாடம் நடக்கும். இறையியல் கல்லூரியில் பாடம் எடுக்கும் ஒரு வாத்தியார் பஸ் பிடித்து வந்து நடத்துவார். எதற்கெடுத்தாலும் "இது எபிரேயத்துல பார்த்தீங்கன்னா" என்று தொடங்குவதால் அவருக்கு எபிரேயம் என்றே பேர் விழுந்துவிட்டது. அவருக்கும் தெரியும், கோபப்படமாட்டார். வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமம் ஆரம்பித்து ரெண்டு மாதமாகியும் வகுப்பு ஏதேன் தோட்டத்தை விட்டு வெளியே வந்தபாடில்லை. காரணம், வகுப்புக்கு வரும் கடிகாரம் பழுதுபார்ப்பவர். அவர் கடவுள் உலகைப் படைத்த ஆறு நாளிலேயே நின்றுகொண்டார்.

"சூரியனையே நாலாவது நாள்தானய்யா படைக்கிறாரு. அப்ப மொத மூணு நாள எந்தக் கடிகாரத்துல பார்த்தாங்க?"

"அதைத்தான் நானும் சொல்றேன். இது கடிகாரத்துல அடங்குற நாள் இல்ல. யாரு படைச்சா, எதுக்குப் படைச்சாங்கிறதுதான் அங்க பேச்சு. எத்தனை மணிக்குங்கிறது இல்ல."

"என் கடையில ரிப்பேருக்குக் கொடுத்தவங்களுக்கு நானும் இதையேதான் சொல்றேன். ஒருத்தரும் ஒத்துக்கமாட்டேங்கிறாங்க."

லாண்ட்ரிக்காரரின் மனைவி ஒரு வாரம்கூடத் தவறாமல் போவார். பின்வரிசையில் உட்காருவார், ஒன்றும் கேட்கமாட்டார். லாண்ட்ரிக்காரர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையோடு சரி. மருமகள் அதற்கும் வருவதில்லை.

எபிரேயத்தின் சட்டைகளும் அந்த லாண்ட்ரியில்தான். அந்த வாரம் ஒரு நாள் முன்னதாகப் புதன்கிழமையே சட்டை வாங்க வந்தவர் வாங்கிக்கொண்டு போகாமல் குடையை மடக்குவதும் விரிப்பதுமாக நின்றார்.

"அண்ணே, நாளைக்கு நாலாவது அதிகாரம் வருது. அண்ணன் தம்பி, காயீன் ஆபேல் கதை."

லாண்ட்ரிக்காரர் நிமிர்ந்தார்.

"உங்களுக்கும் அக்காவுக்கும் கஷ்டமா இருக்கும்னு தெரியும். தாண்டி நேரா நோவாவுக்குப் போயிடலாம்னு பார்க்கிறேன். யாரும் கேக்கமாட்டாங்க."

"தாண்டிடுங்க," என்றார் லாண்ட்ரிக்காரர்.

தொங்கும் விரிப்புகளுக்குப் பின்னாலிருந்து மனைவி குரல் வந்தது. "ஏன் தாண்டணும்? எழுதினவங்க தாண்டலையே."

"இல்லக்கா, உங்களுக்காகத்தான்..."

"நான் அந்த அதிகாரத்த இந்த ஆறு வருஷத்துல எத்தனை தடவை படிச்சிருப்பேன்னு உங்களுக்குத் தெரியாது. நீங்க தாண்டினாலும் எனக்கு அது அங்கதான் இருக்கும்."

எபிரேயம் குடையை மறுபடி மடக்கினார். இஸ்திரி மேஜையிலிருந்து மருமகள் தலையைத் தூக்கினாள். "நடத்துங்கய்யா. நானும் வரேன்."

மாமனார் மாமியார் இருவரும் அவளைப் பார்த்தார்கள். அவள் சட்டையின் கையைத் திருப்பிப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்திருந்தாள்.

வியாழக்கிழமையும் மழை விடவில்லை. பத்துப் பன்னிரண்டு பேர்தான் வந்திருந்தார்கள். மருமகளைப் பார்த்ததும் கூடத்தில் பேச்சு நின்று, பிறகு வேண்டுமென்றே தொடங்கியது. எபிரேயம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அதிகாரத்தை வாசித்தார். வழக்கமாக நடுவில் நிறுத்தி நிறுத்தி விளக்குவார். அன்று ஒரே மூச்சாக வாசித்து முடித்துவிட்டுப் புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"முதல்ல பேரைப் பார்ப்போம். காயீன் பிறந்ததும் ஏவாள் வாயைத் திறந்து பேசுறா. கர்த்தர் துணையால ஒரு மனுஷனைப் பெத்துட்டேன்னு. அந்தப் 'பெத்தேன்'ங்கிற எபிரேய வார்த்தையும் காயீன்ங்கிற பேரும் காதுக்கு ஒண்ணுபோல இருக்கும். அவ்வளவு சந்தோஷம். அடுத்தது ஆபேல். அவன் பிறந்தப்ப அவ ஒண்ணும் சொன்னதா இல்ல. ஆபேல்னா மூச்சு, ஆவி. குளிர்ல வாயில இருந்து வருமே, அது."

"ரெண்டாவது பிள்ளைன்னா அப்படித்தான்யா," என்றார் கடிகாரக்காரர். "மூத்தது தும்மினா டாக்டர்ட்ட ஓடுவோம். ரெண்டாவது விழுந்தா எழுந்து வான்னுவோம்."

ஒருவர் சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார். லாண்ட்ரிக்காரரின் மனைவி மட்டும் மெதுவாகத் தலையை ஆட்டினார். அவர் வீட்டிலும் அப்படித்தான். மூத்தவனைத்தான் தோளை விட்டு இறக்காமல் வைத்திருந்தார். பிள்ளைகள் வளர்ந்து தகப்பனார் பக்கம் போனபோதுதான் கணக்கு மாறிப்போனது.

எபிரேயம் காணிக்கையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். காயீன் நிலத்தின் விளைச்சலைக் கொண்டுவந்தான், ஆபேல் ஆட்டைக் கொண்டுவந்தான். ஆபேலுடையதைக் கடவுள் பார்த்தார், காயீனுடையதைப் பார்க்கவில்லை.

"ஏன் பார்க்கல?"

கதவோரத்திலிருந்து வந்தது குரல். லாண்ட்ரிக்காரர் தண்ணீர் சொட்டும் குடையோடு நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை.

"உள்ள வாங்கண்ணே."

"பரவாயில்ல, சொல்லுங்க. ஏன் பார்க்கல?"

"சொல்லப்படல," என்றார் எபிரேயம். "பின்னாடி வந்தவங்க காரணம் சொல்லியிருக்காங்க. நல்லதாப் பொறுக்கிக் கொண்டுவரல, மனசு சரியில்லன்னு. புதிய ஏற்பாட்டுலயும் விசுவாசத்த வச்சு ஒரு வரி வருது. ஆனா இந்தக் கதையில, இந்த இடத்துல, காரணம் இல்ல. பார்க்கல, அவன் முகம் வாடிப்போச்சு, அவ்வளவுதான் இருக்கு. ஒண்ணு மட்டும் கவனிங்க. முகம் வாடினதும் கடவுள் அவன்கிட்டதான் வந்து பேசுறாரு. ஏன் உன் முகம் வாடியிருக்குன்னு அவனைக் கேக்குறாரு. ஆபேல்கிட்ட இந்தக் கதையில ஒரு வார்த்தை பேசல."

லாண்ட்ரிக்காரர் குடையைக் கை மாற்றிக்கொண்டார். "அப்ப முகத்தையாவது பார்த்திருக்காரு," என்றார். சொல்லிவிட்டு வெளியே போய்த் தாழ்வாரத்தில் நின்றுகொண்டார். அவர் முதுகு ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

எபிரேயத்துக்குக் குரல் இறங்கிவிட்டது. அடுத்த வசனத்துக்கு வந்தார். "இங்க ஒரு சிக்கல் இருக்கு. காயீன் தம்பியோட பேசினான்னு நம்ம வேதத்துல இருக்கு. எபிரேயத்துல பார்த்தா, 'காயீன் தம்பிகிட்ட சொன்னான்'னு வருது. என்ன சொன்னான்னு இல்ல. அடுத்த வரியில வயல்ல இருக்காங்க, அடுத்ததுல எழும்பிக் கொன்னுடுறான். நடுவுல விட்டுப்போயிருக்கு. பழைய மொழிபெயர்ப்புகள்ல, வா வயலுக்குப் போவோம்னு சேர்த்திருக்காங்க. அதுவும் அவங்க நிரப்பினதா இருக்கலாம். ரெண்டு பேரும் வயல்ல என்ன பேசிக்கிட்டாங்கன்னு யாருக்கும் தெரியாது."

"காயீனுக்குத் தெரியுமே," என்றாள் மருமகள்.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் கையை மடியில் கோத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள்.

"தெரியும்மா," என்றார் எபிரேயம்.

"யாரும் அவனைக் கேக்கலையா?"

"உன் தம்பி எங்கன்னு கடவுள் கேக்குறாரு. எனக்கென்ன தெரியும், நான் என்ன அவனுக்குக் காவலாளியான்னு சொல்லிடுறான். என்ன பேசினீங்கன்னு கேட்டதா இல்ல."

"ஆபேலுக்குக் கல்யாணம் ஆயிருந்துச்சாய்யா?"

"எழுதப்படலைம்மா." எபிரேயம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொல்வதா வேண்டாமா என்று தயங்குவது தெரிந்தது. "ஆனா ஒண்ணு இருக்கு. உன் தம்பியோட ரத்தம் நிலத்துல இருந்து கூப்பிடுதுன்னு கடவுள் சொல்றாரில்ல, அங்க எபிரேயத்துல ரத்தம்னு ஒருமையில இல்ல. ரத்தங்கள்னு பன்மையில இருக்கு. அவன் மட்டுமில்ல, அவனுக்குப் பிறந்திருக்க வேண்டியவங்களும் சேர்த்துத்தான்னு யூதப் பெரியவங்க அதுக்கு அர்த்தம் சொன்னாங்க."

மருமகள் கோத்திருந்த விரல்களைப் பிரித்தாள். "அப்ப என்னுதும் அதுல இருக்கு," என்றாள். பிறகு, "காயீனுக்கு ஒரு அடையாளம் போட்டாருன்னு வாசிச்சீங்களே. எதுக்கு?"

"அவனைப் பார்க்கிறவங்க யாரும் கொன்னுடக் கூடாதுன்னு."

"சரி. ஆபேல் வீட்டுக்காரிக்கு என்ன போட்டாரு?"

எபிரேயம் புத்தகத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஒண்ணும் எழுதலைம்மா. எனக்கு இதுக்குப் பதில் தெரியல. தெரிஞ்ச மாதிரி ஏதாவது சொன்னா அது தப்பு."

அவள் தலையசைத்தாள். அந்தப் பதிலில் அவளுக்குக் குறையொன்றும் இல்லை போலிருந்தது.

வகுப்பு முடியும் தறுவாயில்தான் லாண்ட்ரிக்காரரின் மனைவி வாயைத் திறந்தார். அந்தக் கூடத்தில் அவர் குரலை அன்றுதான் பலர் கேட்டார்கள்.

"ஏவாளைப் பத்தி அதுக்கப்புறம் ஒண்ணுமில்லையாய்யா? ஒருத்தன் செத்து, ஒருத்தன் நாடோடியாகி, ரெண்டு பிள்ளையும் ஒரே நாள்ல போயிட்டானுங்களே."

"அதிகாரம் முடியுற இடத்துல வர்றாக்கா. மூணாவதா சேத் பிறந்ததும். காயீன் கொன்ன ஆபேலுக்குப் பதிலா தேவன் எனக்கு இன்னொரு பிள்ளையக் கொடுத்தாருன்னு சொல்றா."

"பேரைச் சொல்லியா சொல்றா? ரெண்டு பேரையும்?"

"ஆமாக்கா. கொன்னவன் பேரையும் செத்தவன் பேரையும் ஒரே வாயால."

திரும்பும்போது மூன்று பேருக்கு ரெண்டு குடை. மாமனார் முன்னால் தனியாகப் போனார். மாமியாரும் மருமகளும் ஒரு குடையில், தோள் இடித்துக்கொண்டு நடந்தார்கள். தெருவில் கணுக்கால் வரை தண்ணீர்.

வீட்டுக்கு வந்து ஈரத்தை மாற்றிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்கள். முட்டையும் ரொட்டியும் சூடான பருப்பு சூப்பும் இருந்தன. மனைவி சூப்பை ஊற்றிக்கொண்டே பெரியவன் பேரைச் சொன்னார். பேரைச் சொல்லி, "அவனுக்கு நான் ஒரு பதில் சொல்லணும்," என்றார்.

ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பேர் அந்த வீட்டில் கேட்டது. லாண்ட்ரிக்காரர் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

"நான்தான் சொல்லிட்டேனே."

"நீங்க உங்க பதிலச் சொல்லிட்டீங்க. நான் பெத்தவ."

"நான் யாரு? ஒரு பிள்ளையத் தூக்கிக் குழியில வச்சது இந்தக் கை. அவன் இந்தப் படியேறி வந்தா என்னால இங்க மூச்சு விட முடியாது."

"அப்ப அவனை எங்க போகச் சொல்றீங்க? தெருவுலயா?"

"உன் மகன்தானே. நீயே சொல்லு."

"உங்க மகன் இல்லையா?" என்றார் மனைவி. குரலை உயர்த்தவில்லை. "பாய்லர் பக்கத்துல நின்னு நின்னு அவன் கை ரெண்டும் வெந்து கிடக்கும். ஒரு நாளாவது என்னடா கையின்னு கேட்டிருக்கீங்களா? அவன் செஞ்சத நான் நியாயம்னு சொல்லல. சொல்லவும் மாட்டேன். நான் பெத்த பிள்ளையத்தானே கொன்னான். ஆனா ஏன் பார்க்கலன்னு வாசல்ல நின்னு கேட்டுட்டு நீங்க வெளிய போய் நின்னுக்கிட்டா முடிஞ்சிடுமா?"

மருமகள்தான் பேசினாள்.

"அத்தை, அவரு இங்க வந்தா நான் போயிடுவேன். கோவத்துல சொல்லல. அந்த பாய்லர் அறையில ஒரு ஆம்பளை இருமுற சத்தம் கேட்டுக்கிட்டு இந்தப் பக்கம் நின்னு என்னால தேய்க்க முடியாது."

"நீ ஏன் போகணும்?"

"அதான் சொல்றேன். நான் போனா நீங்க தாங்கமாட்டீங்க. அவரை வெளிய நிறுத்தினாலும் தாங்கமாட்டீங்க. எப்படிப் போட்டாலும் உங்க தலையிலதான் விழுது. அதனால அத அப்புறம் பார்ப்போம். எனக்கு மொதல்ல அவரைப் பார்க்கணும். ஒண்ணு கேக்கணும்."

"என்ன கேக்கப்போற?"

"வயல்ல என்ன பேசினாங்கன்னு."

மாமியார் கையில் கரண்டி அப்படியே நின்றது. லாண்ட்ரிக்காரர் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "தனியாப் போகாதம்மா. நானும் வரேன்," என்றார்.

ஜெயில் ஊருக்கு வெளியே இருந்தது. பஸ் ஜன்னல் மூடாமல் சாரல் அடித்தது. மருமகள் மடியில் மாமியார் கொடுத்துவிட்ட பை. அதில் ரொட்டியும் சோப்பும் ஒரு துவாலையும் இருந்தன. துவாலையை அவளேதான் காலையில் தேய்த்துக் கொடுத்திருந்தாள், யாருக்கென்று தெரிந்தே.

பார்க்கும் அறையில் நடுவே கம்பி வலை. இந்தப் பக்கம் ஒரு பெஞ்சு, அந்தப் பக்கம் ஒரு பெஞ்சு. பெரியவன் அம்மாவை எதிர்பார்த்து வந்தவன், இவர்களைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். காவலர் தோளைத் தொட்டு உட்கார வைக்க வேண்டியிருந்தது. தலை பாதி நரைத்திருந்தது. லாண்ட்ரிக்காரருக்கு ஒரு நிமிஷம் அடையாளம் தெரியவில்லை. தன் தம்பியோ அண்ணனோ உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

முன்பெல்லாம் மருமகள் அவனைப் பெரிய மாமா என்று கூப்பிடுவாள். இப்போது எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

"ஒண்ணு கேக்க வந்தேன்," என்றாள். "அன்னைக்கு ரெண்டு பேரும் உள்ள என்ன பேசினீங்க? அவரு கடைசியா என்ன சொன்னாரு?"

அவன் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மறுபடி கேட்கவில்லை, காத்திருந்தாள்.

"எனக்குச் சளி," என்றான் பெரியவன் கடைசியில். "புகை தாங்கல. ஒரு வாரம் நீ பாய்லரைப் பாரு, நான் முன்னாடி நிக்கிறேன்னு சொன்னேன். அவன் சிரிச்சான். நீ முன்னாடி நின்னா வர்ற ஆளும் ஓடிடும்ணேன்னான். சும்மாதான் சொன்னான். எப்பவும் சொல்றதுதான். அப்பாவும்..." அவன் நிறுத்திக்கொண்டான்.

"சொல்லு," என்றார் லாண்ட்ரிக்காரர்.

"அப்பாவும் அதையேதான சொல்றாருன்னான். கையில கொக்கி இருந்துச்சு. அடிச்சிட்டேன்."

"அப்புறம்?" என்றாள் மருமகள்.

"அவன் விழல. உட்கார்ந்தான். தலையத் தொட்டுப் பார்த்தான். விளையாடாதண்ணே, வலிக்குதுன்னான்." அவனுக்கு மூச்சு இழுத்தது. "நான் அடிச்சத அவன் விளையாட்டுன்னு நெனச்சான். சரியாயிடும் போலன்னு நானும் நெனச்சேன். அப்புறம் பேசவே இல்ல."

மருமகள் இரண்டு கையாலும் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னைக் கூப்பிட்டான்னு சொல்லலாம்னு உள்ள வந்த நாள்ல இருந்து நெனச்சு வச்சிருந்தேன். நீ என்னைக்காவது வந்தா சொல்லணும்னு. ஆனா கூப்பிடலம்மா. அதுக்கு நேரமில்ல."

"இதக் கோர்ட்டுல ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கல. யாரு அடிச்சதுன்னு கேட்டாங்க, எதால அடிச்சதுன்னு கேட்டாங்க. சொன்னேன்."

அவள் அழுதாள். சத்தமில்லை, முகம் மட்டும் நனைந்தது. லாண்ட்ரிக்காரர் அவள் பக்கம் திரும்பவும் இல்லை, மகன் பக்கம் திரும்பவும் இல்லை. அப்பாவும் அதையேதான சொல்றாரு என்பது அவருக்குள் போய் எங்கேயோ உட்கார்ந்துகொண்டது. அடி விழுமுன் சின்னவன் வாயிலிருந்து வந்த பேச்சில் பாதி தன்னுடையது என்று அவருக்கு விளங்கியது.

மருமகள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நீங்க வீட்டுக்கு வரவேண்டாம்," என்றாள்.

"வரல. எங்க போறதுன்னுதான் அம்மாகிட்ட கேட்டேன். அங்க வரேன்னு கேக்கல."

"அத்தை உங்களைப் பார்க்க வருவாங்க. நான் தடுக்கமாட்டேன்." எழுந்து பையைக் காவலரிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

அப்பாவும் மகனும் தனியே இருந்தார்கள். லாண்ட்ரிக்காரர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். "நீ அந்த வேலைய... நான் ஒரு தடவை கூட உன்னை..." அதற்குமேல் வரவில்லை. பெரியவன் அவரைச் சற்று நேரம் பார்த்தான். பேச்சு வராத அவஸ்தை அவனுக்குத் தெரியாததல்ல.

"அப்பா, அந்த மேல்குழாய் மூட்டு மாத்தினீங்களா? கசிஞ்சுக்கிட்டே இருக்குமே."

"மாத்தினேன். மறுபடி கசியுது."

"ரப்பர் வச்சா நிக்காது. செம்பு வளையம் போடச் சொல்லுங்க. எரியும்போது முடுக்கக்கூடாது, ஆறினப்புறம் முடுக்கணும்."

மணி அடிக்கும்வரை இருவரும் பாய்லரைப் பற்றித்தான் பேசினார்கள்.

அந்த வாரமே லாண்ட்ரிக்காரர் ஆஸ்பத்திரித் துணிக் கிடங்கின் பொறுப்பாளரைப் பார்க்கப் போனார். அந்த ஆஸ்பத்திரிக்கு வேறொரு ஊரில் கிளை இருந்தது. அங்கே சொந்தமாகச் சலவைக்கூடம் வைத்திருந்தார்கள், பாய்லருக்கு ஆள் நிலைப்பதில்லை என்று அவர் முன்பு அலுத்துக்கொண்டிருக்கிறார். லாண்ட்ரிக்காரர் சுற்றி வளைக்கவில்லை. மகன் பேரைச் சொன்னார். ஜெயிலிலிருந்து வருகிறான் என்றார். எதற்காகப் போனான் என்பதையும் சொன்னார்.

பொறுப்பாளர் யோசித்தார். "வேலை தெரியுமா?"

"என்னைவிட நல்லாத் தெரியும்," என்றார் லாண்ட்ரிக்காரர். "என் கடை இத்தனை வருஷம் ஓடுனது அவனாலதான்."

"வெளிய வந்ததும் அங்க அனுப்புங்க," என்றார் பொறுப்பாளர்.

வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றார். ஒரு நாள் அவன் எதிரில் சொல்லியிருக்க வேண்டியதை அவன் இல்லாத இடத்தில் சொல்லிவிட்டு நிற்கிறோம் என்று தோன்றியது. அங்கே சொன்ன அந்த வார்த்தையை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. கிடங்கு ஆள் சொல்லித்தான் மனைவிக்குப் பிறகு தெரிந்தது.

விடுதலையான அன்று தாயார் போய் அழைத்துக்கொண்டு நேரே அந்த ஊருக்குப் போனார். லாண்ட்ரிக்காரர் பஸ் நிலையம் வரை வந்து தூரத்தில் நின்று பார்த்தார். பக்கத்தில் வரவில்லை. மகனும் திரும்பிப் பார்த்தான், கை காட்டவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று அந்த வீட்டில் யாரும் நினைக்கவில்லை. மருமகள் அந்த நாட்களில் இரண்டு மூன்று முறை இஸ்திரிச் சூட்டில் விரிப்பைக் கருக்கினாள். அப்படி ஒருபோதும் நடந்ததில்லை. எபிரேயம் வகுப்பில் நோவாவைத் தொடங்கிவிட்டார். கடிகாரக்காரர் பேழைக்குள் மீன்களுக்கு இடம் உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தார். மருமகள் அதற்கெல்லாம் போகவில்லை.

மாமியார் திரும்பி வந்தபோது மழை ஓய்ந்து வெயில் அடித்தது. கூடத்தில் கட்டியிருந்த கயிறுகளை அவிழ்த்து எல்லாத் துணியையும் மாடிக்கு ஏற்றியிருந்தார்கள். பையை வைத்துவிட்டு, "போயிட்டு வந்தேன்," என்றார் வழக்கம்போல. முகம் கழுவிக்கொண்டு அவரும் மாடிக்கு ஏறினார்.

மருமகள் காய்ந்த விரிப்பு ஒன்றைக் கொடியிலிருந்து உருவினாள். பெரிய விரிப்பு. மாமியார் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் எதிரெதிரே நின்று உதறி, நீளத்தில் மடித்தார்கள்.

"அவன் எப்படி இருக்கான்னு கேக்கமாட்டியா?" என்றார் மாமியார்.

"கேக்கமாட்டேன், அத்தை."

மாமியார் தலையைக் குனிந்துகொண்டார். மருமகள் தன் முனையைச் சரிபார்த்து இழுத்துப் பிடித்தாள்.

"ஆனா நீங்க சொல்லுங்க," என்றாள்.

மாமியார் விரிப்பின் முனையை அவள் கையில் சேர்த்தார். பிறகு மகன் பேரைச் சொல்லி, அங்கே அவனுக்குக் கொடுத்த அறை எவ்வளவு பெரிது, ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது, முதல் நாள் வேலைக்குப் போனவன் என்ன சாப்பிட்டான் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்.